சேவல் கொட்டகையில் நரம்பு உருவப்படும்

ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கொட்டகையில் சேவல்கள் காலில் கத்தி கட்டிக்கொண்டு ஒன்றையொன்று கிழிக்கும். மற்ற நாளெல்லாம் இடம் சும்மா கிடக்கிறதே, வீணாகப் போகிறதே என்று ஓர் ஆளுக்கு வருத்தம். அந்த ஆள்தான் பிரதர் செனான். இப்போது வாரம் முழுக்க அங்கே திருவிழா. ஒரே ஒரு வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை தோற்ற சேவல் யார் வீட்டுக் குழம்பிலாவது வேகும். வார நாளில் இறகு பிடுங்கப்பட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவார்கள்.

எதற்கு இவ்வளவு கூட்டம்? நரம்பு உருவிக்கொள்ள!

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். கை நடுங்குகிறதா, கால் மரத்துப்போச்சா, வாய் கோணிக்கொண்டதா, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறதா, எல்லாமே கெட்ட நரம்பு செய்கிற வேலை. செனான் தடவுவார், கண்ணை மூடுவார், உருவுவார். ஒரு சாண் நீளத்துக்கு, சிவப்பு எண்ணெய் சொட்டச் சொட்ட, வெள்ளையாக ஓர் இழை வெளியே வரும். கத்தி இல்லை, காயம் இல்லை, தழும்பு இல்லை. வலி? கொசுக்கடி அளவுகூடக் கிடையாது.

லகூனா ஏரிக்கரையில் இருக்கிற சாந்தா எலேனாவுக்கு அதுவரை பெருமை என்று எதுவும் இருந்ததில்லை. சேறு இருந்தது, சேற்று வாசனை அடிக்கும் மீன் இருந்தது. இப்போது பாருங்கள், மணிலாவிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். பத்தாங்காஸிலிருந்து ஜீப்னியின் கூரைமேல் உட்கார்ந்து வருகிறார்கள். கொட்டகை வாசலில் மெழுகுவத்தி விற்கிறவன், கஞ்சி விற்கிறவள், சாக்ஸ் விற்கிறவன். சாக்ஸா? வருஷம் முழுக்க ரப்பர் செருப்பில் நடக்கிற ஊரில், வேர்த்து வழிகிற ஏப்ரல் மாதத்தில் சாக்ஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு பஸ்மாவைப் பற்றித் தெரியாது, அதனால் கேட்கிறீர்கள்.

இந்த நாட்டுக் குழந்தை அம்மாவை 'நானாய்' என்று கூப்பிடக் கற்பதற்கு முன்னாலேயே பஸ்மாவுக்குப் பயப்படக் கற்றுவிடும். வேலை செய்து கைகால் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டுவிடும், அதுதான் பஸ்மா. துணி தேய்த்த கையைக் கழுவாதே. நாள் முழுக்க நடந்த காலை நனைக்காதே. ஏன் என்று கேட்டவன் கிடையாது. காலேஜ் முடித்தவன்கூட இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தால், குழாய்ப் பக்கம் போவதற்குமுன் கொஞ்சம் தயங்குவான்.

இந்தப் பயத்தை செனான் உண்டாக்கவில்லை. கொட்டகையை வாடகைக்கு எடுத்த மாதிரி, அதையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். காற்றுப் படக்கூடாது, அதனால் சாக்ஸைக் கழற்றக்கூடாது. உருவின பிறகு ஒரு வாரம் காலில் தண்ணீர் படக்கூடாது. உருவின நரம்பை யாரும் தொடக்கூடாது, அது கொதித்துக்கொண்டிருக்குமாம். அவருடைய உதவிக்காரி தெலியா இடுக்கியால் அதை எடுத்துக் கரியடுப்பில் போட்டுவிடுவாள். காணிக்கை அவரவர் இஷ்டம். குறைவாகப் போட்டால் தெலியா இருமுவாள், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் லியோனிலா. ஊரில் பாதிப் பேர் சட்டை அவள் கையில் மடிந்ததுதான். காலையில் நின்றால் சாயங்காலம்வரை இஸ்திரி மேஜை முன்னால் நின்றபடியே இருப்பாள். புருஷன் சவூதியில். உடம்பில் சர்க்கரை. கொஞ்ச நாளாகப் பாதம் இரண்டும் அவளுக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தன. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடந்துபோன பிறகு, அடடே செருப்பு எங்கே என்று திரும்பி வருவாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். காலைக் காட்டு என்றும் சொன்னாள். லியோனிலா மாத்திரையை வாங்கிக்கொண்டாள், காலைக் காட்டவில்லை. காரணம் அவள் வீட்டிலேயே இருந்தது. புருஷனுடைய அண்ணன், பொன்சோ. அண்ணன் முறை என்பதால் 'குயா' என்று கூப்பிடுவாள். கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு நாள் கயிறு இழுக்கிற இயந்திரம் அவர் இடது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். இப்போது பிளாஸ்டிக் கால். தினமும் காலையில் அவர் அதை மாட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ஆஸ்பத்திரி என்றாலே லியோனிலா பேச்சை மாற்றிவிடுவாள். அங்கே போன கால் திரும்பி வராது. கண்ணெதிரே சாட்சி நொண்டிக்கொண்டு நடக்கிறதே.

அன்றைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பொன்சோ உட்கார்ந்து, பிளாஸ்டிக் காலை வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டிருக்கிறார்.

"குயா, என்ன இது, பிளாஸ்டிக்கைப் போய்ச் சொறியுறீங்க?"

"சுண்டு விரல் அரிக்குது லியோனி."

"எந்தச் சுண்டு விரல்?"

"சிங்கப்பூர்ல விட்டுட்டு வந்தேன்ல, அந்தச் சுண்டு விரல்."

"இல்லாத விரல் எப்படி அரிக்கும்?"

"அதையேதான் நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். கால் போனது காலுக்குத் தெரியும், மூளைக்குத் தெரியாதாம். நரம்புன்னா கரண்டு ஒயர் மாதிரி. அந்தப் பக்கத்தை வெட்டி எறிஞ்சாச்சு. இந்தப் பக்கத்துல மிச்ச ஒயர் சும்மா இருக்காம அப்பப்ப மணி அடிக்குது. மூளை பாவம், விரல்தான் கூப்பிடுதுன்னு நினைச்சுக்குது. எனக்கு இல்லாத கால் அரிக்குது. உனக்கு இருக்கிற கால் தெரியல. நல்ல குடும்பம் போ."

லியோனிலா சிரிக்கவில்லை. "எனக்கு பஸ்மா. பிரதர் செனான் ரெண்டு தடவை உருவிட்டாரு. நாளைக்கு மூணாவது. அதோட எல்லாம் சரியாயிடும்."

"பஸ்மா இல்ல, சர்க்கரை. சர்க்கரை ஏறினா அந்த ஒயரை அரிச்சுத் தின்னும். மாத்திரை போடுறியா?"

"நிறுத்தச் சொல்லிட்டாரு."

"யாரு?"

"பிரதர்தான். மாத்திரை சாப்பிட்டா நரம்பு வழவழன்னு ஆயிடுதாம். உருவப் பிடி கிடைக்கலையாம்."

பொன்சோ சொறிவதை நிறுத்தினார். "உருவுறப்போ வலிச்சுதா?"

"துளிகூட இல்ல."

"அம்மாடி, பல் டாக்டர் ஒரே ஒரு நரம்பைத் தொட்டதுக்கு நீ போட்ட சத்தத்துல சர்ச்சுல பூசை நின்னுபோச்சு. இவன் ஒரு சாண் நரம்பை உருவியிருக்கான், உனக்குத் துளிகூட வலிக்கலையா? நிஜமா ஒரு நரம்பைப் பிடிச்சு இழுத்தா நீ கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருப்ப."

"உங்களுக்கு நம்பிக்கை கிடையாது குயா. அதான் உங்க கால் போச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு காலரை அழுத்தித் தேய்த்தாள்.

"சரி," என்றார் பொன்சோ. "நாளைக்கு நானும் வரேன். எனக்கும் கால்லதானே தொந்தரவு."

லியோனிலாவுக்கு ஒரே சந்தோஷம். தன்னால் ஒரு ஆத்மா கரையேறப் போகிறது என்று நினைத்தாள். எந்தக் கால் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் கொட்டகையில் எள் போட்டால் எள் விழாது. சேவல்கள் சண்டை போடுகிற வட்டத்தின் நடுவே நாலைந்து நாற்காலி, சுற்றிப் படிப்படியாக ஜனம். மேலே ஒலிபெருக்கி. பிரதர் செனான் வெள்ளை உடை, கழுத்தில் மரச்சிலுவை, விரலில் பச்சைக்கல் மோதிரமாக வந்தார். எல்லாக் கோயிலுக்கும் நல்ல பிள்ளையாக இருந்துவிட வேண்டும் என்று பார்க்கிற உடுப்பு.

முதலில் வாய் கோணிப்போன டிரைசைக்கிள் ஓட்டுநர் ஒருவர். கன்னத்தில் எண்ணெய்ப் பஞ்சு. உருவல். நரம்பு. "ஆ!" என்று ஜனம். வாய் இன்னும் கோணலாகத்தான் இருந்தது. "கொஞ்ச நாள்ல நேராயிடும்" என்றார் செனான். ஆகத்தான் செய்யும். இந்த மாதிரி திடீரென்று கோணிக்கொள்கிற வாயில் பெரும்பாலானது மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மெள்ள நேராகிவிடும். நேராவதற்குமுன் கடைசியாக யார் கை வைத்தாரோ, அவருக்கு மாலை மரியாதை.

அடுத்து பொன்சோ. நீளக் கால்சட்டை, வாசலில் வாங்கிய புது சாக்ஸ். இரண்டு காலையும் முக்காலிமேல் வைத்து தெலியா துண்டால் மூடினாள்.

"எந்தக் கால், மாங்?" என்றார் செனான். பெரிய ஆணுக்கு 'மாங்', பெண்ணுக்கு 'ஆலிங்', மரியாதையில் அவர் குறை வைத்ததில்லை.

"இடது கால், பிரதர். சுண்டு விரல்ல ஓயாத அரிப்பு. வருஷக்கணக்கா."

செனான் கண்ணை மூடினார். உள்ளங்கையைத் துண்டுக்கு மேலே, தொடாமல் பிடித்தார். "அம்மாடியோ. என்னா சூடு! கணுக்கால்ல முடிச்சு விழுந்திருக்கு. துடிக்குது, என் கைல வந்து இடிக்குது."

"துடிக்குதா பிரதர்?"

"குதிரை ஓடுற மாதிரி."

எண்ணெய்ப் பஞ்சை எடுத்தார். துண்டுக்குள் கையை விட்டு சாக்ஸின்மேல் அழுத்தினார். ஒரு நொடி முகம் சுருங்கியது. உடனே விரிந்தது.

"கல்லு மாதிரி இறுகிப்போச்சு! இவ்ளோ இறுகின நரம்பை நான் பார்த்ததே இல்ல. ஜெபம் பண்ணுங்க, எல்லாரும் ஜெபம் பண்ணுங்க!"

ஜனம் ஜெபம் பண்ணியது. செனான் பல்லைக் கடித்தார், முனகினார், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வந்தது நரம்பு! மற்றவர்களுக்கு ஒரு சாண் என்றால் இவருக்கு ஒரு முழம். தெலியா தட்டில் வாங்கினாள்.

"இப்ப எப்படி இருக்கு, மாங்?"

"காலே இல்லாத மாதிரி இருக்கு பிரதர்."

"கேட்டீங்களா!" செனான் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பாரம் இறங்கிடுச்சு! காலே இல்லாத மாதிரி இருக்காம்!"

கைதட்டல். பொன்சோ சாவகாசமாகத் துண்டை விலக்கினார். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். பக்கவாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். டக். காலைக் கழற்றி, புது சாக்ஸோடு, பிரதர் செனானின் மடியில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கிடத்தினார்.

"எந்த இடத்துல துடிச்சுது? கொஞ்சம் காட்டுங்க."

கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. ஒரு குழந்தை மட்டும் "நானாய், அந்த மாமாவோட கால் வந்துடுச்சு" என்றது.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். புத்தியுள்ள ஊராக இருந்தால் முடிந்திருக்கும். ஆனால் செனான் சும்மாவா செனான் ஆனார்? அந்தக் காலை மெதுவாக எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். குரலில் கண்ணீர்.

"மாங், சுண்டு விரல் அரிக்குதுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"நிஜமா அரிக்குதா? ஆண்டவர் பேரால சொல்லுங்க."

"அரிக்குது, ஆனா அது..."

"அரிக்குது! இல்லாத விரல் அரிக்குது! டாக்டர் காலைத்தான் வெட்டினான், நரம்போட ஆவியை வெட்ட முடியல! அது இத்தனை வருஷமா இங்கேயே நின்னு அழுதுக்கிட்டு இருக்கு! அதைத்தான் இப்ப இந்தக் கை உருவிச்சு!"

அப்பப்பா, கொட்டகை இடிந்து விழுந்ததோ என்று பயப்படும்படி ஒரு கூச்சல். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இருக்கிற காலில் நரம்பு உருவுகிறவன் வெறும் வைத்தியன், இல்லாத காலில் உருவுகிறவன் மகான் அல்லவா! உண்டியல் நிரம்பியது. தெலியாவுக்கு இரும வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பொன்சோ ஒற்றைக் காலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் நின்றார். பொய்க்காலைக் காட்டினால் பொய் வெளியாகும் என்று நினைத்தார், பாவம். கூட்டத்தின் புத்திக்கு அதைவிடப் பெரிய பொய்க்கால் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

லியோனிலா மண்டியிட்டே விட்டாள். செனானின் கண் அவள்மேல் விழுந்தது. சூடு ஆறுவதற்குள் இன்னொன்றையும் அடித்துவிட வேண்டும் என்பது எந்தக் கொல்லனுக்கும் தெரியும்.

"வாங்க ஆலிங் லியோனிலா. இன்னிக்கு உங்க கடைசி உருவல்."

எண்ணெய்ப் பஞ்சு, கண்மூடல், முனகல், நரம்பு. செனான் வெற்றி மயக்கத்தில் இருந்தார். வெற்றி மயக்கத்தில் இருக்கிறவன் தேவைக்கு அதிகமாக ஒரு வார்த்தை பேசுவான். அவரும் பேசினார்.

"இந்த அம்மாவோட நரம்பு இப்ப பச்சைக் குழந்தையோட நரம்பு! ஈ வந்து உக்காந்தாக்கூடத் தெரியும்!"

பொன்சோவின் வாய் மூடியது. பிறகு திறந்தது.

"ஈ உக்காந்தா தெரியுமா பிரதர்?"

"ஈக்கு எத்தனை காலுன்னுகூடச் சொல்லுவாங்க."

"அப்படியா, நல்லது. லியோனி, கண்ணை மூடிக்க. நான் உன் கால் விரலைத் தொடுவேன். எந்த விரல்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

செனான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஒலிபெருக்கி கையில், மேலே அத்தனை கண்கள். ஈயை அழைத்து வந்தவர் அவரேதானே.

லியோனிலா கண்ணை மூடினாள். முகத்தில் கல்யாணப் பெண்ணின் சிரிப்பு. பொன்சோ நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, அவளுடைய வலது கால் கட்டை விரலைச் சாக்ஸோடு சேர்த்துப் பிடித்தார்.

"சொல்லு."

"தொடுங்க குயா."

பொன்சோ விரலை அழுத்தினார். முறுக்கினார். மேல் வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"என்ன குயா, இன்னும் தொடலையா?"

எங்கோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் விலாவில் இடித்தான். பொன்சோ கையை எடுத்தார். முழுக்க எடுத்து, இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக் காட்டினார்.

"இப்ப?"

"ஆங், இப்ப தெரியுது!" லியோனிலாவின் முகம் மலர்ந்தது. "வலது கால், நடு விரல்! நல்லாத் தெரியுது!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில்தான் அவள் கண்ணைத் திறந்தாள். முன்னால் பொன்சோ கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போலீஸ்காரன் துப்பாக்கி காட்டின மாதிரி.

"சாக்ஸ் தடிமன்," என்றார் செனான் அவசரமாக. "அதனாலதான்."

"அப்ப கழட்டிடலாம்," என்றார் பொன்சோ.

"கழட்டக்கூடாது! காத்துப் பட்டா பஸ்மா! பண்ணினது எல்லாம் பாழாயிடும்!"

லியோனிலா யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தானே சாக்ஸைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. அடிப்பாதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் வலுவாக இழுத்தாள். முன் வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கட்டை விரலுக்குக் கீழே ஒரு கருப்புக் குழி. குழியின் நடுவில், சதைக்குள் புதைந்து, சின்ன வெள்ளைத் தலை ஒன்று மினுங்கியது. குண்டூசி. புதுச் சட்டைக் காலரில் குத்தி வருமே, அது. இஸ்திரி மேஜைக்கடியில் என்றைக்கு விழுந்ததோ, எத்தனை நாளாக அதன்மேல் நின்று ஊர்ச் சட்டையெல்லாம் தேய்த்தாளோ. இந்தக் கொட்டகைக்கும் அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறாள். தண்ணீர் படக்கூடாது என்று ஒருத்தர் சொன்னாரே, அதனால் கழுவவும் இல்லை, கழற்றிப் பார்க்கவும் இல்லை.

யாரோ வேறொருத்தியின் காலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள் லியோனிலா. வலிக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நரம்பு உயிரோடு இருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும். கத்துவதற்குத்தானே நரம்பு இருக்கிறது!

தெலியா நிலைமை புரிந்தவள். மெள்ள இடுக்கியை எடுத்து, தட்டில் கிடந்த நரம்பைக் கரியடுப்புப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தாள். லியோனிலாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வாழ்நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி தூக்கின கை அது.

"வை கீழ."

"ஐயோ, தொடாதீங்க! கொதிக்குது!"

"கொதிக்கட்டும்." நரம்பைக் கையில் எடுத்தாள். கொதிக்கவில்லை, கொழகொழ என்று சில்லென்று இருந்தது. வட்டத்தின் ஓரத்தில் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்ற கஞ்சிக்காரியைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, ஒரு கிண்ணம் ஊத்து. நல்லா ஆவி பறக்கணும்."

"தண்ணி படக்கூடாது!" செனான் கத்தினார். "அந்தப் பாவம் உங்க ஏழு தலைமுறைக்கும்..."

போட்டாள். கிண்ணத்தைச் சுற்றித் தலைகள் முட்டிக்கொண்டன. சமையலுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற கொட்டைச் சாயம், அதே சாயம், எண்ணெயோடு பிரிந்து மேலே மிதந்தது. நரம்பு கஞ்சிச் சூட்டில் நெளிந்தது, உப்பியது, குழைந்தது. லியோனிலா கரண்டியால் அதை எடுத்தாள். ஊதினாள். வாயில் போட்டாள்.

ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

லியோனிலா நன்றாக மென்றாள். விழுங்கினாள்.

"அரிசிச் சேமியா," என்றாள். "பொறந்த நாளைக்கு வாங்குவமே, அதுதான். கலமான்சி எலுமிச்சை பிழிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்."

ஆயுசு நீளமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் சேமியாவை உடைக்காமல் முழுசாகச் சமைத்துத் தின்கிற ஜனம் அது. பால்குடி மறந்த நாளிலிருந்து தின்றது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நாக்கு சொல்லிவிடும். இருந்தும் இத்தனை நாளில் ஒரு பயலுக்கு அடையாளம் தெரிந்ததா? அடுப்படியில் பார்த்தால் சேமியா, ஒலிபெருக்கி வைத்துக் காட்டினால் நரம்பு.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. வாய் கோணின டிரைசைக்கிள்காரர்தான் முதலில் பஞ்சுக் கூடையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு பஞ்சுக்குள்ளும் ஊறவைத்த சேமியா, சமர்த்தாகச் சுருண்டு படுத்திருந்தது. கோணல் வாயோடு அவர் திட்டின திட்டு யாருக்கும் புரியவில்லை என்றாலும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிரதர் செனான் சேவல்களைக் கொண்டுவருகிற சந்து வழியாக ஓடினார். வெள்ளை உடையில், தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் அடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் அந்த வழி அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கொட்டகையைத் திறந்துவைத்து மாலை போட்ட ஊர்த்தலைவர் அன்று சாயங்காலமே சொன்னார்: "எனக்கு அப்பவே சந்தேகம்." அவருக்கு எப்போதும் அப்பவே சந்தேகம்தான். சொல்வது மட்டும் மறுநாள்.

பொன்சோ காலை மாட்டிக்கொண்டார். லியோனிலாவை டிரைசைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டிடுவாங்களா குயா?"

"தெரியாது லியோனி. ஆனா இங்க பொய் சொல்ல மாட்டாங்க."

நர்ஸ் முதலில் செய்த காரியம், ஒரு குவளைத் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றியதுதான். லியோனிலா பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்மாவுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. சீழ்தான் கழுவிக்கொண்டு போயிற்று.

கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்றார் டாக்டர். ஆளும் போயிருக்கலாம். மாத்திரையை நிறுத்தியதற்கு நன்றாகத் திட்டினார். "மரத்துப்போறது எப்பவும் கால் நுனியில ஆரம்பிச்சுத்தான் மேல ஏறும்," என்று விளக்கினார். "உடம்புல ரொம்ப நீளமான நரம்பு அதுதானே, சர்க்கரை அதைத்தான் முதல்ல கடிக்கும். அதனால தினம் காலைக் கழுவு. கண்ணால பாரு. வலிக்கலைன்னு நம்பாத. உன் கால் இனிமே உனக்கு உண்மை சொல்லாது."

ஊர் திருந்திவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? லியோனிலாவும் அப்படித்தான் நினைத்தாள். கட்டுப்போட்ட காலோடு வீடு வந்து சேர்ந்த காலையில், வாசலில் ஒரு கும்பல் நின்றது. கையில் மெழுகுவத்தி, எண்ணெய் பாட்டில். காலில் சாக்ஸ்.

"என்ன வேணும்?"

"மாங் பொன்சோவோட காலை ஒரு தடவை தொட்டுக்கணும் ஆலிங்," என்றாள் முன்னால் நின்றவள், குரலைத் தாழ்த்திப் பயபக்தியோடு. "பிரதர் செனானையே விரட்டின காலாமே. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை நடுங்குது."

பொன்சோ உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "அது மணிலாக் கடைல வாங்கினதும்மா! பிளாஸ்டிக்!"

"ஆமாமா, அப்படித்தான் சொல்லுவீங்க," என்றாள் அவள் இன்னும் பயபக்தியாக. "பெரியவங்க தன் பெருமையைத் தானே சொல்லிக்க மாட்டாங்க."

மெழுகுவத்தியைப் பற்றவைத்தே விட்டாள்.

லியோனிலா நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போனாள். வாளியை நிரப்பினாள். வெயிலில் நடந்து வந்த அத்தனை கால்களின்மேலும், சாக்ஸ் நனைய, மெழுகுவத்தி அணைய, மொத்தமாக வீசி ஊற்றினாள்.

"பஸ்மா! ஐயோ பஸ்மா!" மரத்துப்போன காலும் நடுங்குகிற காலும் இழுத்துப் பிடித்த காலும் ஒன்றாகத் தெரு முனைவரை ஓடின. செனான் கையால் ஆகாதது ஒரு வாளித் தண்ணீரால் ஆயிற்று. மெழுகுவத்தி ஏற்றினவளின் கை நடுங்குகிற புருஷன் மட்டும் நின்றார். ஈரக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"சுகாதார நிலையம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஒரே ஒரு ஆள். அவ்வளவு பெரிய கும்பலில்.

மரத்துப்போவது கால் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும் என்று டாக்டர் சொன்னது அவர் படித்த புத்தகத்துக்குச் சரியாக இருக்கலாம். சாந்தா எலேனாவில் அது தலையில் ஆரம்பித்துத்தான் காலுக்கு இறங்குகிறது. உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது. எதற்கும் அடுத்த உண்டியலில் காசு போடுவதற்குமுன் தலையை ஒரு தடவை கிள்ளிப் பார்த்துவிடுங்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று.